விளையாட்டரங்கில் வெறுப்பு: மறுப்பதும் இழிவுபடுத்துவதும் ஒன்றா?

ஒவ்வோர் ஆண்டும் மே மாத நடுவில் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரியான படங்கள் வலம் வரத் தொடங்கிவிடும். 2024இல் வந்தது, பிரான்ஸின் மொனாக்கோ அணிக்கு ஆடிய மாலி நாட்டு வீரர் முஹம்மது கமாராவின் படம். சட்டையில் இருந்த ஒரு சின்னத்தை அவர் டேப் ஒட்டி மறைத்திருந்தார். ஈமானுள்ள சிங்கம் என்ற பாணியில் தலைப்பிட்டு அதைப் பலரும் பகிர்ந்தார்கள். அதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. படத்துக்குக் கீழே நம் பிள்ளைகள் எழுதியிருந்த கருத்துகளைப் படித்தபோதுதான் மனம் சங்கடப்பட்டது. கமாரா ஒரு சின்னத்தை மறைத்தார், அவ்வளவுதான். பிள்ளைகளோ மனிதர்களை அடிக்க வேண்டும், கல்லால் எறிய வேண்டும், நாட்டை விட்டுத் துரத்த வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இங்கே திருப்பி எழுதக் கூசும் வசைச் சொற்களும் இருந்தன. எழுதியவர்களில் சிலர் எனக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். ஐந்து வேளையும் பள்ளிக்கு வருகிறவர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் பெற்றோரும் மதரஸாவில் நாங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவில்லை என்றால், அவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேறு யாருமில்லை.

முதலில் பிரான்ஸில் நடப்பது என்ன என்று பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிய நாள் 1990 மே 17. அந்த நாளை ஒட்டி பிரெஞ்சுக் கால்பந்து லீக் ஆண்டுதோறும் ஒரு பிரச்சாரம் நடத்துகிறது. சில ஆண்டுகள் வீரர்களின் முதுகில் இருக்கும் எண்களை வானவில் நிறத்தில் அச்சிட்டார்கள். 2022 மே 14 அன்று மான்பெலியே நகரில் நடந்த ஆட்டத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியின் செனகல் வீரர் இத்ரிஸா கெயே ஆடவில்லை. சொந்தக் காரணங்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். உண்மைக் காரணம் அந்த எண்கள்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பிரெஞ்சு கால்பந்து சம்மேளனம் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பியது. செனகல் அதிபர் மக்கி சல் தன் நாட்டு வீரருக்கு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார். அடுத்த ஆண்டு நான்ட் அணியின் எகிப்திய வீரர் முஸ்தஃபா முஹம்மது ஆட மறுத்தார். அவருக்கு அபராதம் விதித்த கிளப், அந்தத் தொகையைத் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிரான வெறுப்பை எதிர்த்துச் செயல்படும் ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்தது. 2024இல் கமாராவுக்குக் கிடைத்தது நான்கு ஆட்டத் தடை. கடுமையான தண்டனை வேண்டும் என்று விளையாட்டுத் துறை அமைச்சரே பேசியிருந்தார்.

இதை "முஸ்லிம்கள் பிரச்சினை" என்று அங்குள்ள சில ஊடகங்கள் எழுதின. அது சரியல்ல. 2025இல் லியோன் அணியில் அதே சின்னத்தை மறைத்த நெமான்யா மாதிச் செர்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 2022 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேன்லி ரக்பி அணியில் ஏழு வீரர்கள் வானவில் கோடு போட்ட சட்டையை அணிய மாட்டோம் என்று விலகி நின்றார்கள். அந்த விவாதம் முழுவதிலும் பேசப்பட்டது பசிபிக் தீவுக் குடும்பங்களின் கிறிஸ்தவ நம்பிக்கை. சட்டை விஷயத்தை வீரர்களிடம் முன்கூட்டியே பேசவில்லை என்று அணியின் பயிற்சியாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இனி அந்தச் சின்னத்துக்கு வருவோம். கமாரா மறைத்தது வானவில்லை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் லீக் வானவில் எண்களைக் கைவிட்டிருந்தது. அதற்குப் பதிலாக ஹோமோபோபியா என்ற சொல்லை எழுதி, அதைக் குறுக்கே கோடிட்டு அடித்த சின்னம் சட்டையில் ஒட்டப்பட்டிருந்தது. எனவே அந்தச் சொல்லின் பொருள் என்ன என்பதில்தான் மொத்தத் தகராறும் இருக்கிறது. ஜார்ஜ் வெய்ன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் உருவாக்கிய சொல் இது. தன்பாலின ஈர்ப்புள்ளவர்களுக்கு அருகில் இருப்பதற்கே சிலர் கொள்ளும் அச்சத்தை அவர் அப்படிக் குறித்தார். நாளடைவில் அவர்கள் மீதான வெறுப்பு, வசை, தாக்குதல், வேலை மறுப்பு எல்லாவற்றுக்கும் அதுவே பெயராயிற்று. இப்போது ஒரு மதத்தின் சட்டத்தை எடுத்துச் சொல்வதையும் சிலர் அதே சொல்லால் குறிக்கிறார்கள். லீக் நிர்வாகம் "யாரையும் இழிவுபடுத்தாதே" என்று சொன்னதாக நினைக்கிறது. வீரருக்கோ "உன் மார்க்கச் சட்டம் தவறு என்று ஒப்புக்கொள்" என்பதாகக் கேட்கிறது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

ஆனால் லீக் நிர்வாகம் ஏன் இந்தப் பிரச்சாரத்தைத் தொடங்கியது என்ற கேள்வியை நம் குழுக்களில் யாரும் கேட்பதில்லை. 2019 ஆகஸ்ட் மாதம் மட்டும் பிரான்ஸில் பல ஆட்டங்கள் நடுவில் நிறுத்தப்பட்டன. நீஸ் அணிக்கும் மார்சேய் அணிக்கும் நடந்த ஆட்டம் சுமார் பத்து நிமிடம் நின்றது. ரசிகர்கள் கூட்டமாக ஒரே குரலில் பாடிய ஆபாச வசைகளும், தூக்கிப் பிடித்த பதாகைகளுமே காரணம். இங்கிலாந்திலும் இதே கதைதான். செல்சீ அணியை நோக்கிப் பல ஆண்டுகளாகப் பாடப்பட்டு வந்த ஒரு வசையை, அது வெறுப்புக் குற்றம் என்று 2022 ஜனவரியில் அரசு வழக்குத் தொடரும் துறை அறிவிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க வந்தவர்கள் சிறு பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய பாட்டுகள் அவை.

அந்த வாய்கள் வேறு எதைப் பாடுகின்றன என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். 2019 ஏப்ரலில் சில செல்சீ ரசிகர்கள் முஹம்மது ஸலாஹ்வை வெடிகுண்டு வைப்பவர் என்று பாடிய காணொளி வெளியானது. 1980களில் கறுப்பின வீரர்கள் மீது வாழைப்பழம் வீசியதும் இதே கேலரிக் கலாச்சாரம்தான். தோலின் நிறம், மார்க்கம், தன்பாலின ஈர்ப்பு என்று ஆளுக்குத் தகுந்தபடி சொல் மாறும். வீசும் கை மாறுவதில்லை.

இதன் விளைவு என்ன? இங்கிலாந்தின் ஆண்கள் தொழில்முறைக் கால்பந்தில் 1990இல் ஒருவர் தனக்குத் தன்பாலின ஈர்ப்பு உண்டு என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சொன்ன அடுத்தவர் பிளாக்பூல் அணியின் பதினேழு வயது ஜேக் டேனியல்ஸ். அவர் சொன்ன நாள் 2022 மே 16. இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். கெயே ஆடாத ஆட்டத்துக்கும் டேனியல்ஸின் அறிவிப்புக்கும் இடையே இரண்டே நாட்கள் என்பது தற்செயல்தான். (மகளிர் கால்பந்தில் நிலைமை முற்றிலும் வேறு. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.)

1990இல் சொன்ன அந்த முதல் மனிதரின் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். அவர் ஒரு சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்தவர். நாமும் சிறுபான்மைதான்.

ஜஸ்டின் ஃபஷானு 1961இல் லண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்தவர். தந்தை நைஜீரிய வழக்கறிஞர். தாய் கயானாவிலிருந்து வந்த செவிலியர். பெற்றோர் பிரிந்த பிறகு ஜஸ்டினும் தம்பி ஜானும் குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு நார்ஃபோக் கிராமப்புறத்தில் ஒரு வெள்ளையினத் தம்பதி இருவரையும் எடுத்து வளர்த்தார்கள். ஊரில் கறுப்பு முகம் என்றால் பெரும்பாலும் இந்த இரண்டு பையன்கள்தாம். ஜஸ்டின் நார்விச் சிட்டி அணியில் சேர்ந்தார். 1980 பிப்ரவரியில் லிவர்பூலுக்கு எதிராக, பந்தைக் காலால் தூக்கி, திரும்பியபடியே அடித்த கோலை பிபிசி அந்தப் பருவத்தின் சிறந்த கோலாகத் தேர்ந்தெடுத்தது. இன்றும் இணையத்தில் பார்க்கலாம், பார்க்க வேண்டிய கோல். 1981இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணி அவரைப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அந்த விலைக்குப் போன முதல் பிரிட்டிஷ் கறுப்பின வீரர் அவர். அப்போது அவருக்கு இருபது வயது.

அணியின் மேலாளர் பிரையன் கிளஃப் புகழ்பெற்றவர். ஃபாரஸ்டுக்கு இரண்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர். தன்பாலின ஈர்ப்புள்ளவர்கள் கூடும் விடுதிகளுக்கு ஜஸ்டின் போகிறார் என்று கேள்விப்பட்டதும், கூப்பிட்டு வைத்துக் கொச்சையாக விசாரித்தார். இதைக் கிளஃப் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பிறகு அணியோடு பயிற்சி செய்யக்கூடாது என்று தடை விதித்தார். தடையை மீறிப் பயிற்சிக்கு வந்தவரை வெளியேற்றப் போலீஸை அழைத்தார். பத்து லட்சத்துக்கு வாங்கிய வீரரை அடுத்த ஆண்டே ஒன்றரை லட்சத்துக்கு நாட்ஸ் கவுன்டி அணிக்கு விற்றார்கள். பிறகு முழங்காலில் காயம். கிளப் கிளப்பாக, நாடு நாடாக அலைச்சல்.

1990 அக்டோபர் 22 அன்று தி சன் நாளிதழின் முதல் பக்கத்தில் அவரது பேட்டி வந்தது. பணம் வாங்கிக்கொண்டுதான் பேட்டி கொடுத்தார். அதில் சொன்ன சில கதைகள் உண்மையல்ல என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். பின்னாளில் அரசியல்வாதிகளைப் பற்றிக் கதை விற்க முயன்று ஒரு கிளப்பில் வேலையும் இழந்தார். அவரைப் புனிதராக்கிக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை. அவருக்கு நடந்தது சரியா தவறா என்று தீர்மானிக்க அவர் புனிதராக இருந்திருக்க வேண்டியதும் இல்லை.

கேலரி அவரைக் கேலி செய்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத அடி சொந்த வீட்டிலிருந்தும் சொந்தச் சமூகத்திலிருந்தும் வந்தது. தம்பி ஜான் அப்போது பெரிய நட்சத்திரம்; 1988இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற விம்பிள்டன் அணியில் ஆடியவர். அண்ணன் வாய் திறக்காமலிருக்கப் பணம் கொடுத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். செய்தி வெளிவந்ததும், பிரிட்டிஷ் கறுப்பினத்தவரின் பத்திரிகையான தி வாய்ஸுக்குப் பேட்டி கொடுத்து அண்ணனைக் கைகழுவினார். அந்தப் பத்திரிகையும் ஜஸ்டின் தன் சமூகத்துக்கே அவமானம் தேடித் தந்துவிட்டதாகக் கடிந்து எழுதியது.

கறுப்பின மக்கள் இயல்பிலேயே கொடியவர்கள் என்று இதற்கு அர்த்தமல்ல. அந்தப் பத்திரிகை தொடங்கப்பட்டது 1982இல். பிரிக்ஸ்டன் கலவரம் முடிந்து ஓராண்டு கடந்திருந்த தருணம். போலீஸ் கெடுபிடி, வேலையின்மை, தெருவில் வசை என்று நாலா பக்கமும் நெருக்கப்பட்ட ஒரு சமூகத்தின் குரல் அது. அவர்களுக்குக் கிடைத்த நாயகர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் இப்படிச் சொன்னதும், "ஏற்கெனவே நம்மை இழிவாகப் பார்க்கிறார்கள், இவன் இன்னொரு காரணத்தையும் கொடுத்துவிட்டான்" என்ற பதற்றம் முந்திக்கொண்டது. வெளியில் வாங்கிய அவமானத்தின் பாரத்தை, உள்ளே இருப்பவர்களிலேயே தனியாக நிற்கும் ஒருவரின் தலையில் இறக்கி வைத்தார்கள். ஏற்கெனவே ஒரு முறை சிறுபான்மையாக இருந்த ஆள் இப்போது சிறுபான்மைக்குள் சிறுபான்மை ஆனார். வெள்ளையர் கேலரியிலிருந்து ஓடி வந்தால் ஒதுங்குவதற்குச் சொந்தத் திண்ணையும் இல்லை.

1998இல் ஜஸ்டின் அமெரிக்காவின் மேரிலாந்தில் பயிற்சியாளராக இருந்தார். பதினேழு வயது இளைஞர் ஒருவர் அவர் மீது பாலியல் தாக்குதல் புகார் கொடுத்தார். மிகக் கடுமையான குற்றச்சாட்டு அது. நீதிமன்றத்தில் விசாரிக்கப்படவேயில்லை. ஜஸ்டின் இங்கிலாந்துக்குத் திரும்பி, மே மாதத் தொடக்கத்தில் லண்டனில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது முப்பத்தேழு. குற்றச்சாட்டை மறுத்து அவர் எழுதி வைத்திருந்த குறிப்பில், நண்பர்களுக்கும் குடும்பத்துக்கும் இனியும் சங்கடம் தர விரும்பவில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. தற்கொலையை இஸ்லாம் பெரும்பாவம் என்கிறது. அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்த "சங்கடம்" என்ற சொல்லை நம் வீடுகளில் நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

மஹல்லாவில் முகம் காட்ட முடியாது, தங்கைக்கு வரன் வராது, ஜமாஅத்தில் பேசுவார்கள் என்பவையெல்லாம் அந்தச் சங்கடத்தின் தமிழ் வடிவங்கள்தாம். 2019இல் ஒடிசாவின் ஓட்டப்பந்தய வீராங்கனை டூட்டி சந்த் ஒரு பெண்ணோடு தனக்குள்ள உறவைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னபோது, ஆசியப் போட்டியில் இரண்டு வெள்ளிப் பதக்கம் வென்ற மகளுக்கு எதிராக அந்த நெசவாளர் குடும்பமே ஊடகத்தின் முன்னால் பேசியது. இந்துக் குடும்பம், கறுப்பினக் குடும்பம், முஸ்லிம் குடும்பம் என்று இதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. எண்ணிக்கையில் சிறிய சமூகத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் அழுத்தம் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். தன்பாலின உறவை இஸ்லாம் அனுமதிக்கவில்லை. இதில் நான்கு மத்ஹபுகளுக்கும் இடையே கருத்து வேறுபாடு கிடையாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கீழ் அதைக் குற்றமாக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது நாட்டின் சட்டம்; குடிமக்களாக அதை மதிக்கிறோம். ஹலால் ஹராம் என்பது வேறு தளம். ஆனால் ஆலிம்கள் காலங்காலமாகப் பிரித்துப் பேசிய இன்னொரு விஷயத்தை நாம் மறந்துவிட்டோம். மனதில் எழும் ஈர்ப்பு வேறு, செய்யும் செயல் வேறு. மனதில் தோன்றி, செயலாக்காத எண்ணத்துக்காக அல்லாஹ் பிடிப்பதில்லை என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஹதீஸின் கருத்து. அல்லாஹ் பிடிக்காத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடிக்கும் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அடுத்தது, ஒருவரைப் பார்த்து "இவன் அப்படிப்பட்டவன்" என்று சொல்வது. ஒழுக்கமுள்ளவர் மீது விபச்சாரப் பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவர முடியாதவருக்கு என்ன தண்டனை என்று அந்நூர் அத்தியாயத்தின் 4ஆம் வசனம் பேசுகிறது. தன்பாலின உறவுப் பழியையும் ஃபிக்ஹு சட்ட வல்லுநர்களில் கணிசமானோர் இதே பிரிவில்தான் வைத்தார்கள். மென்மையாகப் பேசும் பையன், நடையில் நளினம் இருக்கும் பையன், கிரிக்கெட்டில் பந்துக்குப் பயப்படும் பையன் ஆகியோருக்கு நம் மைதானங்களில் ஒட்டப்படும் பெயர்களை நினைத்துப் பாருங்கள். மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்களோடு அப்படி ஒரு பையன் இருந்தான். நல்ல குரல், கிராஅத் ஓதினால் உஸ்தாத்மார்கள் நின்று கேட்பார்கள். அஸருக்குப் பிறகு விளையாடப் போகும்போது மட்டும் அவன் பெயர் மாறிவிடும். அடுத்த ஆண்டு அவன் ஓத வரவில்லை. அவனைப் பற்றி யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. பெயர் வைத்தது மட்டும் நிச்சயம். ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கேலி செய்வதையும் பட்டப்பெயர் வைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் தடுக்கிறது. அடுத்த வசனம் துருவித் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. நம் பிள்ளைகள் அந்த அத்தியாயத்தை மனனம் செய்திருக்கிறார்கள். மைதானத்தில் அது அவர்களுக்கு நினைவுக்கு வருவதில்லை.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மாஇஸ் என்பவர் தன் பாவத்தை வந்து ஒப்புக்கொண்ட சம்பவம் பலருக்கும் தெரியும். அப்படி வந்து சொல்லும்படி அவரை அனுப்பி வைத்த ஹஸ்ஸால் என்பவரிடம் நபியவர்கள் என்ன சொன்னார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உமது ஆடையால் அவரை மறைத்திருந்தால் அது உமக்கு நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் சொன்னதாக அபூதாவூதில் வருகிறது. ஒருவர் தாமே ஒப்புக்கொண்ட பாவத்துக்கே இந்த நிலை என்றால், சந்தேகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குழுவில் போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

குடும்பங்களில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகன் இப்படிச் சொல்லிவிட்டான் என்று தெரிந்ததும், கையோடு ஒரு நிக்காஹ் முடித்து வைத்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் முடிவெடுக்கிறார்கள். வரும் மருமகளிடம் எதையும் சொல்வதில்லை. யாரோ ஒருவரின் மகளை, அவளுக்குத் தெரியாமலேயே மருந்தாகப் பயன்படுத்தும் வேலை அது. இரண்டு பேரின் வாழ்க்கை வீணாகிறது. சில வீடுகளில் பிள்ளைகளின் வாழ்க்கையும் சேர்ந்து வீணாகிறது. நிக்காஹ் மனம் ஒப்பிச் செய்யும் ஒப்பந்தம். மறைத்துச் செய்யும் ஒப்பந்தம் கடையில்கூட செல்லாது. அடியும் பூட்டிய அறையும் யாரையும் மாற்றியதாக நான் பார்த்ததில்லை. வீட்டை விட்டு ஓடிய பிள்ளைகளையும், அதைவிட மோசமான முடிவெடுத்த பிள்ளைகளையும் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிச் சொன்ன பிள்ளையை அன்று இரவு வீட்டில் சோறு போட்டுத் தூங்க வைப்பதுதான் பெற்றோரின் முதல் வேலை. சட்டம் பேசுவதற்கு மறுநாளும் இருக்கிறது.

இப்போது மறுபடியும் சின்னத்துக்கு வருகிறேன். தன் மனசாட்சிக்கு ஒவ்வாத ஒன்றை அணிய மாட்டேன் என்று ஒரு விளையாட்டு வீரர் சொல்வது வெறுப்பா? என் பார்வையில் இல்லை, சில நிபந்தனைகளோடு. ஆஸ்திரேலியாவின் மகளிர் கால்பந்து லீக்கில் ஆடிய முதல் முஸ்லிம் பெண் ஹனீன் ஸ்ரைகா. 2022 ஜனவரியில் அணி வானவில் சட்டை அணிந்து ஆடிய ஆட்டத்திலிருந்து விலகி நின்றார். தன்பாலின ஈர்ப்புள்ள வீராங்கனைகள் வெளிப்படையாக ஆடும் லீக் அது. தன் மார்க்கத்தையும் சமூகத்தையும் பிரதிநிதித்துவப்படுத்தும் பொறுப்பு தனக்கு இருப்பதாகச் சொன்ன அவர், எல்லா மனிதர்களையும் மதிப்பதாகவும் சொன்னார். அவரது முடிவை மதிப்பதாகக் கிளப் அறிவித்தது. அடுத்த ஆட்டங்களில் அதே அணியில் ஆடினார். 2024இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச் அணித் தலைவர் சாம் மோர்ஸி வானவில் கைப்பட்டையைத் தவிர்த்தபோதும் கிளப் இப்படித்தான் நடந்துகொண்டது. பிரான்ஸில் அபராதமும் தடையும், இங்கே மரியாதையான ஒரு வரி அறிக்கை. எது வெறுப்பைக் குறைக்கும் என்று லீக் நிர்வாகங்கள் யோசிக்கட்டும். ஒருவர் நெஞ்சில் வலுக்கட்டாயமாக ஒட்டிய சின்னம் அவர் மனதைப் பற்றி எதையும் சொல்லாது.

நிபந்தனைகள் என்றேனே, அதில் ஒன்று நேர்மை. பாரிஸில் வானவில் எண்ணை அணியாத கெயே, அதே ஆண்டு செப்டம்பரில் எவர்டன் அணிக்குத் திரும்பினார். அந்த அணியின் சட்டையில் முன்பக்கம் முழுக்க ஒரு இணையச் சூதாட்ட நிறுவனத்தின் பெயர். அவரைக் குறை சொல்ல நான் யார். ஒப்பந்தத் தொழிலாளியின் கஷ்டம் அவருக்கு. ஆனால் 2006இல் செவில்லா அணியில் ஃபிரெடெரிக் கனூட்டே தன் சட்டையில் இருந்த சூதாட்ட நிறுவனத்தின் பெயரை மறைத்துக்கொண்டு ஆடிய படத்தை நம் குழுக்களில் எத்தனை பேர் பகிர்ந்திருக்கிறோம்? சூதாட்ட விளம்பரம் போட்ட ஜெர்சியைப் பெருநாளைக்குப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, கமாராவின் படத்துக்கு மட்டும் மாஷா அல்லாஹ் போடுகிறோம். நமக்கு வராத பாவத்தைக் கண்டிப்பது மிக எளிது.

இன்னொரு நிபந்தனை, மறுப்பு சின்னத்தோடு நிற்க வேண்டும், மனிதர் மீது பாயக்கூடாது. நான்ட் அணியின் முஸ்தஃபா முஹம்மதுகூட மறுத்தபோது எல்லா வேறுபாடுகளையும் மதிப்பதாகவே சொன்னார். அவர் சொல்லாத வசையை அவர் படத்துக்குக் கீழே நாம் எழுதுகிறோம்.

வசை வசையோடு நிற்பதில்லை. 2025 பிப்ரவரி 15 அன்று தென்னாப்பிரிக்காவில் முஹ்ஸின் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் காரில் இருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். தன்னைத் தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு, இமாமாகவும் செயல்பட்டவர். தென்னாப்பிரிக்காவில் முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மை. கேப் டவுனில் பல தலைமுறைகளாக மார்க்கத் தலைமையாக இருக்கும் முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில் அவரது நிலைப்பாட்டைத் தொடர்ந்து எதிர்த்து வந்த அமைப்பு. கொலைச் செய்தி வந்ததும் அந்த உலமாக்கள் அறிக்கை வெளியிட்டார்கள். அவருடைய கருத்து இஸ்லாமியப் போதனைக்குப் பொருந்தாது என்ற தங்கள் நிலையை அதில் மாற்றிக்கொள்ளவில்லை. அதே அறிக்கையிலேயே, கொலையையும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் மீதான எந்த வன்முறையையும் எந்தத் தயக்கமும் இல்லாமல் கண்டித்தார்கள்.

அந்தச் செய்தியும் நம் குழுக்களுக்கு வந்தது. அதன் கீழே எழுதப்பட்டவற்றையும் படித்தேன். உலமாக்களின் அறிக்கையைப் பகிர்ந்தவர்கள் மிகக் குறைவு.